சிவப்பு நாடா ஒட்டிய குடுவை

நுண்ணோக்கியில் கண்ணை வைத்த சௌந்தரபாண்டியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிவப்பு நாடா ஒட்டிய குடுவையில் செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்து மிதந்தன.

இராஜபாளையத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக ஆராய்ச்சி செய்யும் சின்ன ஆய்வகம் அது. அந்த வைரஸின் ஒரு ஜீனை மட்டும் வெட்டி, எலிச் செல்லுக்குள் ஏற்றி வளர்க்கிறார்கள். பேண்டேஜ் கம்பெனியை விட்டு உதவியாளராக இங்கே வந்த சௌந்தரபாண்டியன், போன மாதமே இரண்டு குடுவைகளைக் கெடுத்திருந்தார். "இன்னொண்ணு கெட்டா வேலை இல்லண்ணே" என்று விஞ்ஞானி ஜாஸ்மின் சொல்லிவிட்டாள்.

அன்று காலை ஒரு உறவுக் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி கிளம்பும் முன் அவள் பச்சை, சிவப்பு நாடா ஒட்டிய இரண்டு குடுவைகளிலும் ஏதோ மருந்தை விட்டாள். "சிவப்புதான் முக்கியம். நாளைக்கு ஆய்வுக்கு வர்ற ஆபீசர் முதல்ல அதைத்தான் கேப்பாரு. கையே வைக்காதீங்க."

பச்சையில் செல்கள் தெம்பாகத்தான் இருந்தன. சிவப்புதான் சாகிறது. ஜாஸ்மினின் போன் அணைந்திருந்தது. வேறு வழியில்லாமல், செல்களுக்குச் சாப்பாடான பழைய ஊட்டநீரைக் கொட்டிவிட்டு, ஃபிரிட்ஜில் இருந்த புதியதை ஊற்றினார். மூடியைத் திருகியதும் கரண்ட் போனது.

"சாயங்காலம் வரை வராதுண்ணே. ஜெனரேட்டர்ல டீசலும் இல்ல" என்றார் வாட்ச்மேன்.

உடம்புச் சூடு இல்லாவிட்டால் செல் செத்துப்போகும். சௌந்தரபாண்டியன் சிவப்புக் குடுவையை மட்டும் வயிற்றோடு வைத்து, பேண்டேஜ் துணியால் இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தன் வீட்டுக்குப் பஸ் ஏறினார்.

"என்னண்ணே, ஆபரேசனா?" என்றார் கண்டக்டர்.

"இல்லப்பா. வெறிநாய் வைரசோட ஜீனு."

மூன்று பேர் உட்காரும் சீட்டில் வீடு வரை அவர் மட்டுமே உட்கார்ந்து வந்தார். டிக்கெட் கேட்கக்கூடக் கண்டக்டர் கிட்டே வரவில்லை.

வீட்டில் துணியை அவிழ்த்தால் அடுத்த இடி. ரோஜா நிறத்தில் இருந்த ஊட்டநீர் ஊதாவாகியிருந்தது. அப்படியென்றால் செல்லுக்கு வேண்டிய கரியமில வாயு போதவில்லை! அரிசி டிரம்மைக் கவிழ்த்துக் காலிசெய்தார். உள்ளே வெந்நீர்ச் சட்டி, குடுவை, பக்கத்தில் அந்த வாயுவுக்காக ஒரு மெழுகுத்திரி. கொளுத்தி மூடினார்.

மனைவி பாண்டிசெல்வி வாசலிலேயே கூடையைப் போட்டாள். "டிரம்முக்குள்ள மெழுகுத்திரி ஏத்தி யாருக்குச் செய்வினை வைக்கீக?"

"ஏட்டி, கத்தாத! உள்ள உசுரு இருக்கு!"

அதைக் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. "உசுர டிரம்முல அடைச்சிட்டானாம்" என்று யாரோ போலீசுக்குப் போன் போட்டார்கள். வந்த ஏட்டையா டிரம்மைத் திறந்து பார்த்து, வேர்த்துப்போய், எதற்கும் இருக்கட்டுமென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

மறுநாள் காலை, ஆய்வகத்தில் சௌந்தரபாண்டியன் முதலில் நுண்ணோக்கியில் பார்த்தார். மிச்சமிருந்த செல்களெல்லாம் குடுவையில் ஒட்டிக்கொண்டு தளதளவென்றிருந்தன. அவருக்குக் கண் கலங்கியது. வேலை பிழைத்தது!

ஆபீசரும் ஜாஸ்மினும் உள்ளே வந்தார்கள். "சிவப்பு பாட்டில் எங்கம்மா?" என்றார் ஆபீசர்.

"இந்தா இருக்கு சார்!" என்று சௌந்தரபாண்டியன் முந்தினார். "மருந்து கிடந்த ஊட்டநீர மாத்தி, சூடு குடுத்து, இனி ஒண்ணுகூடச் சாகாது சார்!"

ஜாஸ்மின் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா, உயிரோடதான இருக்கு? நல்லதுதான?" என்றார் ஆபீசர்.

"ஜீனு ஏத்துன பச்சை அந்த மருந்துல பிழைக்கணும், ஜீனு ஏத்தாத சிவப்பு செத்துக் காட்டணும், அதுதான் சார் சோதனையே... இந்த மனுசன் அதை உசுரக் குடுத்துக் காப்பாத்திட்டு வந்து நிக்காரு!"