தற்காலிக அமரர்

மேப்பிள் ஃபோர்க் ஊரில் யாராவது கண்ணை மூடினால், துக்கம் விசாரிக்க வருகிறவர்களைவிட பீரோவை விசாரிக்க வருகிறவர்கள் அதிகம். இதில் தவறு ஒன்றும் இல்லை. போனவர் போய்விட்டார், பீரோ போகவில்லையே. அடக்கம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டைத் திறந்துவிடுவார்கள். உள்ளே உள்ள கரண்டி முதல் கல்யாண கவுன் வரை எல்லாம் விற்பனைக்கு. இதற்கு ஊரில் அமரர் விற்பனை என்று பெயர்.

அமரர் விற்பனைகளின் மகாராணி வெர்னா ஹால்வர்சன் அம்மாள். எழுபது தாண்டியும் முழங்கையை வைத்துக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவதில் அவளுக்கு நிகர் அவள்தான். மடக்கு நாற்காலி, பிளாஸ்க் நிறையக் காபி, கையில் ஒரு தையல் ஊசி, இவைதான் அவளுடைய ஆயுதங்கள். விடிவதற்கு முன்பே போய், உள்ளே நுழைகிற வரிசையில் முதல் நம்பர் சீட்டு வாங்கிவிடுவாள். ஒரு கவுனின் தையலைத் தடவிப் பார்த்தே அது எந்தக் காலத்தது என்று சொல்லுவாள். ஒருமுறை, மனைவியைப் பறிகொடுத்த கிழவர் ஒருவர் தன் வீட்டிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். வெர்னா அவர் தோளைத் தொட்டு, "கொஞ்சம் எழுந்திருங்க. விற்பனை வீட்ல கண்ணுக்குத் தெரியறதெல்லாம் விலைக்குத்தான்" என்றாள். நாற்காலி இன்றும் அவள் வீட்டில்தான் இருக்கிறது. ரொம்ப நல்ல நாற்காலி.

இப்படிச் சேர்த்துச் சேர்த்து வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. மாடிப்படி ஏற முழங்காலும் ஒத்துக்கொள்ளவில்லை. முதியோர் குடியிருப்பில் இரண்டு அறை காலியாக இருந்தது. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் சாமான்களை விற்றுக் காசாக்க வேண்டும். விற்க வேண்டாதது ஒன்றே ஒன்று: செர்ரிப்பழம் மாதிரிப் பொத்தான் வைத்த நீல கவுன். வீட்டில் இருந்த நூற்றுக்கணக்கான கவுன்களில் செத்தவர்களிடமிருந்து வராதது அது ஒன்றுதான். இருபத்திரண்டாவது வயதில், சொந்தச் சம்பளத்தில், கடையில் புதிதாக வாங்கியது. அதைப் போட்டுக்கொண்டு ஆடிய நடனத்தில்தான், பிறகு கணவரான ஹால்வர்சன் அவளிடம் மாட்டிக்கொண்டார்.

அனுமதி வாங்க நகரசபைக்குப் போனாள். விற்பனை அனுமதி அதிகாரி திருவாளர் மில்ட்டன் ஸ்டப், கோட்டுப் பையில் தங்கச் சங்கிலி போட்ட கடிகாரம் வைத்திருப்பவர். அந்தக் கடிகாரத்தைப் பார்க்காமல் அவர் யாருக்கும் பதில் சொல்லமாட்டார்.

"அமரர் யாரும்மா?"

"அமரரெல்லாம் இல்ல. என் வீடு, என் சாமான்."

"அப்ப நீங்க வாசல் விற்பனைதான் நடத்தலாம். வாசல்ல ஒரு மேஜை."

"ஐயையோ, உயிரோட இருக்கிறவ வீட்டு விற்பனைக்கு யாரு வருவா? நல்லதை உள்ள வச்சுக்கிட்டு ஓட்டையும் உடைசலையும் வெளில போடுவான்னு ஊருக்கே தெரியுமே. நானே போகமாட்டேன்!"

"விதி அப்படிம்மா. அமரர் விற்பனைக்கு அமரர் வேணும். நீங்க உயிரோட இருக்கீங்கங்கிறதைத் தவிர உங்க மனுவில வேற குறை எதுவும் இல்ல."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

ஸ்டப் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு விதிப்புத்தகத்தைப் புரட்டினார். மனிதாபிமானம் உள்ளவர். ஒரு வழி இருக்கத்தான் செய்தது. மனுதாரர் விற்பனை நடக்கும் இரண்டு நாளுக்கு மட்டும் தற்காலிக அமரராகக் கருதப்படலாம். அப்படிக் கருதப்படுகிறவர் விற்பனை வீட்டுக்குள் பேசக் கூடாது, பேரம் பேசக் கூடாது, வாங்கக் கூடாது, ஆட்சேபிக்கக் கூடாது. மீறினால் விற்பனை செல்லாது, வாங்கினவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்ப வேண்டும். அடக்க உடை நீங்கலாக வீட்டுக்குள் இருக்கும் யாவும் விற்பனைக்குரியவை. இரண்டாம் நாள் மாலை விலைபோகாமல் நிற்பவை அமரருக்கே திரும்பும்.

"ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதானே?" என்று வெர்னா கையெழுத்துப் போட்டாள். செத்துப்போவது இவ்வளவு சுலபம் என்று அவள் நினைக்கவே இல்லை.

வியாழக்கிழமை ஸ்டப் விலைச்சீட்டு ஒட்ட வந்தார். வெர்னா புத்திசாலி. நீல கவுனை உடம்பிலேயே போட்டுக்கொண்டு நின்றாள். ஸ்டப் எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டிவிட்டு, கடைசியில் அவளைச் சுற்றி ஒரு சுற்று வந்து, கவுனின் காலரில் ஒரு சீட்டைக் குத்தினார்.

"என்னய்யா இது! உள்ள நான் இருக்கேன்!"

"உள்ள இருக்கறதுக்கு விலை போடலைம்மா. வெளில இருக்கறதுக்குத்தான் போட்டிருக்கேன். விற்பனை வீட்ல கண்ணுக்குத் தெரியறதெல்லாம் விலைக்குத்தான்னு ஊர்ல ஒரு பழமொழி உண்டு, கேள்விப்பட்டதில்லையா?"

வெர்னா கேள்விப்பட்டிருந்தாள். ராத்திரி முழுக்க அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

கண்ணுக்குத் தெரிந்தால்தானே விலை? விற்பனைக்கு வருகிற பழம்பெருச்சாளிகள் எல்லாருக்கும் தெரிந்த தந்திரம் ஒன்று உண்டு. பிடித்த சாமானை முதல் நாளே அடுப்புக்குள்ளோ பெட்டிக்கடியிலோ ஒளித்துவைத்துவிட்டு, இரண்டாம் நாள் பாதி விலைக்கு வாங்கிக்கொள்வது. வெர்னா செய்யாததா? வெள்ளிக்கிழமை காலை வாசல் கதவு திறக்கும்போது, நீல கவுனை வாதுமை மரப் பீரோவுக்குள் ஒளித்துவைத்தாள். கவுனுக்குள் தானும் இருந்ததால், கூடவே ஒரு ரொட்டித்துண்டும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டாள்.

பீரோவுக்குள் இருந்து கேட்டால் உலகம் வேறு மாதிரி இருக்கிறது. மில்வாக்கியிலிருந்து வந்த ஒரு பெண் கூவினாள்: "இங்க பாருங்களேன், இந்தக் கவுன்ல கடுகு சாஸ் கறை! அசல் கறை! அந்தக் காலத்துக் கறை!" அவள் தோழி, "பூச்சி அரிச்ச ஓட்டை இருக்கற கவுன் ஏதாவது இருக்கா? நல்லதா இருக்கறதெல்லாம் போலின்னு சொல்றாங்க" என்றாள். வெர்னாவுக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் ஒவ்வொரு கவுனையும் துவைத்துத் துவைத்து அவற்றின் மதிப்பையே அல்லவா அழித்துவிட்டாள்!

பிறகு பழகின குரல் ஒன்று கேட்டது. அர்லீன் கொவால்கே. பக்கத்துத் தெரு, நாற்பது வருஷத்துச் சிநேகிதி, எல்லா விற்பனையிலும் இரண்டாம் நம்பர்.

"பாவம் வெர்னா. நல்ல மனசு" என்றாள் அர்லீன். "உயிரோட இருக்கிறப்ப அதைக் காட்டிக்கவே மாட்டா."

உள்ளே வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இந்தப் பீரோ என்ன விலை? பாதிக்குக் குடுங்க. பழசு. பலகையெல்லாம் மக்கிப் போச்சு."

எங்கேடி மக்கிப் போச்சு என்று வெர்னாவின் நாக்கு துடித்தது. ஆனால் அமரர் பேசினால் விற்பனை செல்லாது, இரண்டு அறையும் போய்விடும். பாலாடைக்கட்டியைக் கடித்து வாயை அடைத்துக்கொண்டாள். ஸ்டப் பாதி விலைக்கு ஒப்புக்கொண்டார். "உள்ள இருக்கறதும் சேர்த்துத்தானே?" என்றாள் அர்லீன். "உள்ளடக்கம் உட்பட" என்றார் ஸ்டப். இரண்டு தடியர்கள் வந்து பீரோவைக் கயிற்றால் கட்டித் தூக்கினார்கள்.

"என்ன இது, இந்தக் கனம் கனக்குது!"

"அந்தக் காலத்து மரம்பா. அப்படித்தான் இருக்கும்" என்றாள் அர்லீன் பெருமையாக.

அர்லீன் வீட்டு நடுக்கூடத்தில் பீரோவை இறக்கினார்கள். கயிறு அவிழ்ந்தது, கதவு திறந்தது. உள்ளே வெர்னா, தலைமுடி கலைந்து, கையில் கடித்த பாலாடைக்கட்டியோடு.

வேறு ஊராக இருந்தால் அலறியிருப்பார்கள். அர்லீன் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். கண் நேராகப் பொத்தான்களுக்குப் போயிற்று.

"உள்ளடக்கம் உட்பட" என்றாள் மெதுவாக.

"அடி பாவி! என் கவுன்டி இது!"

"நீதான் செத்துப்போயிட்டியே. பேசக்கூடாது. கழட்டு."

"பேசக்கூடாதுங்கறது விற்பனை வீட்டுக்குள்ளதான், இது உன் வீடு. அப்படிப் பார்த்தா நானும் உனக்குத்தான். உள்ளடக்கத்துல நானும் அடக்கம். காலைல நாலு மணிக்குக் காபி வேணும் எனக்கு. குறட்டை வேற விடுவேன். வச்சுக்கோ."

அர்லீன் யோசித்தாள். பிறகு ஸ்டப்புக்கு ஃபோன் போட்டாள்.

ஸ்டப் வந்து, பீரோவையும் அமரரையும் பரிசீலித்தார். விற்ற சரக்கைத் திரும்பப் பெற வழியில்லை என்றார். வெர்னா கவுனை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஸ்டப் ஐயா, வீடு முழுக்க எடுத்துக்கச் சொல்லிட்டேன். இது ஒண்ணு மட்டும் வேணும். இதுதான் என் அடக்க உடை. இதோடதான் என்னைப் புதைக்கணும்."

அர்லீன் முகம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் போயிற்று. ஸ்டப் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடக்கம் எப்போ?"

"தேதி இன்னும் முடிவாகல."

"அடக்கம் நடந்தாத்தான் அது அடக்க உடை. நடக்கிற வரைக்கும் அது காத்திருப்பில் உள்ள துணி. அமரரிடமே இருக்கலாம். அம்மா மனசு மாறி வேற உடையில போனா, முதல் நம்பர் அர்லீன் அம்மாவுக்கு" என்று தீர்ப்புச் சொல்லி, அர்லீனிடம் ஒரு நம்பர் சீட்டையும் கொடுத்தார்.

திங்கட்கிழமை வெர்னாவை அலுவலக முத்திரையோடு உயிர்ப்பித்தார்கள். இரண்டு அறை கிடைத்தது. கதை அத்தோடு முடிந்திருக்கும், ஆனால் அந்தச் சீட்டு ஊரில் ஒரு நாகரிகமாகிவிட்டது. யாரும் சாகிறவரை ஏன் காத்திருக்க வேண்டும்? உயிரோடு இருக்கும்போதே நம்பர் வாங்கிவைக்கலாமே! அவனவன் அடுத்தவனுடைய கடிகாரத்துக்கும், காபிக் கிண்ணத்துக்கும், தொப்பிக்கும் நம்பர் வாங்கினான். நம்பர் வாங்கினவன் சும்மா இருப்பானா? தினமும் போய் விசாரித்தான். அர்லீன் தினம் காலையில் சூப்போடு வந்து, "உடம்பு எப்படிடி இருக்கு? இந்த உப்பு உனக்கு ஆகுமா?" என்று கேட்டுவிட்டு, கவுனின் மடிப்பைத் தடவிப் பார்த்துப் போவாள். வெர்னாவும் சாயங்காலம் போய் அர்லீனுடைய ரத்த அழுத்தத்தை விசாரித்துவிட்டு வருவாள். அர்லீனிடம் சட்டையில் குத்திக்கொள்கிற முத்து புரோச் ஒன்று உண்டு.

மாநில அரசு இதைக் கவனித்தது. இவ்வளவு பேர் இவ்வளவு பேருடைய உடம்பைப் பற்றிக் கவலைப்படும் ஊர் வேறெங்கும் இல்லை என்று கண்டு, மேப்பிள் ஃபோர்க்குக்கு 'அண்டை அயலாரை நேசிக்கும் ஊர்' என்ற விருதை அறிவித்தது. விழாவுக்கு ஊரே கூடியது. வெர்னா நீல கவுனில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டப் மேடையில் நின்று, அன்பு என்பது விதியால் வருவதல்ல, உள்ளத்தால் வருவது என்று பேசிக்கொண்டிருந்தார்.

அப்போது வெர்னாவுக்கு இருமல் வந்தது. மண்டபமே அவளைத் திரும்பிப் பார்த்தது. ஒருத்தர் கண்ணாவது அவள் முகத்தில் இருக்க வேண்டுமே! எல்லாக் கண்ணும் செர்ரிப் பொத்தானில் இருந்தன. வெர்னாவுக்கு வந்ததே கோபம். எழுந்து நின்றுவிட்டாள்.

"சாதாரண இருமல்! பேசாம உட்காருங்க! மனுஷங்கதானா நீங்கள்லாம்? ஒரு உசிரை விட ஒரு துணி பெருசாப் போச்சா உங்களுக்கு?"

மண்டபம் தலை குனிந்தது. அர்லீன்கூடக் குனிந்தாள். அந்த நிசப்தத்தில், மேடையில் நின்ற ஸ்டப் லேசாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, வாயு" என்றார்.

"ஐயோ, ஸ்டப் ஐயா!" என்று எல்லாருக்கும் முந்திக்கொண்டு, முழங்கையால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு ஓடினாள் வெர்னா. அவர் நெஞ்சை அன்போடு நீவிவிட்டாள். அவள் கை கோட்டுப் பையின் மேலேயே இருந்தது.

தங்கச் சங்கிலி போட்ட அந்தக் கடிகாரத்துக்கு அவள்தான் முதல் நம்பர்.