மோப்பம் அவர்களின் மூக்கு

பெங்களூரில் காவல்துறை வளர்க்கும் நாய்கள் அத்தனையையும் வரிசையாக நிறுத்தி, எதிரே மோப்பம் அவர்களையும் நிறுத்தினால், நாய்கள் தாமாகவே ஓய்வு கேட்டு மனுக் கொடுத்துவிடும். மிகைப்படுத்துகிறேன் என்று வாசகர்கள் எண்ணலாகாது. அவருடைய மூக்கின் ஆட்சியில் வாழ்ந்த குடிமகன் என்ற தகுதியில் இதைக் கூறுகிறேன்.

அவருடைய இயற்பெயரை நான் அறியேன். அல்சூரில், குடியை விட்டவர்களும் விட முயல்பவர்களும் வாரந்தோறும் கூடுகின்ற ஓர் அறையில்தான் அவரைச் சந்தித்தேன். அங்கே எவரும் முழுப்பெயர் கேட்பதில்லை; அவர் எல்லோருக்கும் மோப்பம்தான். விட முயல்பவர்களின் வரிசையில் நான் அமர்ந்திருந்தேன். இதை எழுதும்போதும் என் பேனா சற்றுத் தலைகுனிகிறது.

நான் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் பொறுப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றாலும் நூலகமே கதியென்று கிடந்து தமிழைச் செம்மைப்படுத்திக்கொண்டவன். அந்தச் செந்தமிழைக் கொண்டே என் மகள் கிரேஸின் திருமண வரவேற்பில் மேடையேறி, மாப்பிள்ளை வீட்டாரை வாழ்த்தத் தொடங்கி, வாழ்த்து முடியுமுன் அலங்கார வளைவோடு சேர்ந்து சாய்ந்தவனும் நானே. சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிட்டது என்று மகள் எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்தாள். சம்பந்தி வீட்டார் அதை நம்பிவிட்டார்கள் என்று நான் நம்பினேன். ஆனால் அதன் பிறகு ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த அவள் வீட்டு வாசலை மிதிக்கும் உரிமை எனக்கு இல்லாமற்போயிற்று.

புதிதாக வருபவனைப் பழையவர் ஒருவர் பொறுப்பேற்றுக் கவனிப்பது எங்கள் கூட்டத்தின் வழக்கம். என் பொறுப்பை மோப்பம் ஏற்றார். கல்யாண ஊர்வலங்களில் பேண்டுக் குழுவின் பெரிய டிரம்மை அடித்தவர் அவர். அந்தத் தொழிலால், நெருங்கி நிற்பவரிடமும் நான்கு தெரு தள்ளி நிற்பவரிடம் பேசுவது போலவே பேசுவார்.

காலைதோறும் என் வீட்டு கேட்டருகே வந்து நிற்பார். “ஊதுங்க ப்ரதர்” என்பார். நான் ஊத வேண்டும். அவர் கண்களை மூடி, மூக்கை என் வாயருகே கொண்டுவந்து, நெடுநேரம் ஆலோசித்து, “கிளீன்” என்று தீர்ப்பு வழங்குவார். பால் வாங்க வருபவர்கள் நின்று பார்ப்பார்கள். மாடியில் குடியிருந்த கன்னடக்காரர் ஒருநாள் இறங்கிவந்து, பிராணாயாமமா என்று விசாரித்தார். வெட்கத்தில் ஆமென்றேன். மறுநாள் முதல் அவரும் வந்து ஊதத் தொடங்கினார். அவருக்கும் “கிளீன்” என்றே தீர்ப்பு வந்தது. மூட்டுவலி குறைந்திருப்பதாக அவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்கு இருமல் வந்தபோது மருந்துக்கடைக்கும் உடன்வந்தார். கடைக்காரர் தந்த டானிக்கைத் திறந்து முகர்ந்து, இந்த மனிதருக்கு இதெல்லாம் ஆகாது, பழைய குடிகாரர் என்று கடை முழுவதும் கேட்கும்படி அறிவித்தார். கண்டங்கத்தரி கஷாயத்தோடு வீடு திரும்பினேன். அன்று முதல் அந்தக் கடைப்பக்கம் போக நேர்ந்தால் எதிர்ப்புற நடைபாதையில்தான் போனேன். காலப்போக்கில் மோப்பத்தையும் அப்படியே தவிர்க்க முயன்றேன். அவர் வலப்புறம் வந்தால் நான் இடப்புறம் நடந்தேன். அவரோ சாலையின் நடுவில் நின்று, இரண்டு புறமும் கேட்க என்னை விளித்தார்.

தேவாலயத்தில் நேர்ந்ததைச் சொல்லவே கூசுகிறது. திருவிருந்துக்காக நான் முழந்தாளிட்டிருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து முழந்தாளிட்டார். திரும்பிப் பார்த்தால், நெற்றி நிறைய விபூதியோடு மோப்பம். போதகர் திராட்சரசக் கிண்ணத்தோடு நெருங்கியதும் எழுந்து, அதற்குள் மூக்கை நீட்டினார்.

“சாமி, இவருக்கு ரொட்டி மட்டும் குடுங்க. இது வேணாம். அப்புறம் பேஜாரா பூடும்.”

பாடகர் குழு பாட்டை நிறுத்தியது. போதகர் நல்லவர், கிண்ணத்தை அடுத்தவரிடம் நகர்த்தினார். சபையாரின் கண்களெல்லாம் என் முதுகில் இறங்கியதை இன்றும் என் முதுகு மறக்கவில்லை.

இந்த நிலையில்தான் கிறிஸ்துமஸ் வந்தது. மகள் கைப்பேசியில் அழைத்தாள். அவள் சொன்னது சுருக்கம்தான்.

“மத்தியானம் சாப்பிட வாங்கப்பா. அத்தைதான் கூப்பிடச் சொன்னாங்க. ஆனா இந்தத் தடவையும் ஏதாவது ஆச்சுன்னா, அப்புறம் என்னால யாருக்கும் பதில் சொல்ல முடியாது.”

மகள் வாழும் கன்டோன்மென்ட் பகுதி வீடுகளில் கிறிஸ்துமஸ் என்றால் என்னவென்று உள்ளூர்க்காரர்கள் அறிவார்கள். பல வாரங்களுக்கு முன்பே உலர்பழங்களை ரம்மில் ஊறவைத்துச் செய்த கேக்கும், வீட்டிலேயே புளிக்கவைத்த திராட்சை ஒயினும் இல்லாத மேசை கிடையாது. அவற்றைக் குடியென்று யாரும் கருதுவதில்லை. மறுத்தால்தான் காரணம் கேட்பார்கள். இதைக் கூட்டத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸ் அன்று ஆட்டோவில் நான் ஏறுமுன் மோப்பம் ஏறி அமர்ந்திருந்தார்.

சம்பந்தியம்மாளிடம் அவரை யாரென்று சொல்வது? என் வீட்டுக் குழாய்களைப் பழுதுபார்ப்பவர், வழியில் கண்டேன், உடன் வந்துவிட்டார் என்றேன். அந்த அம்மாள் மகிழ்ந்து, சமையலறையில் ஒரு குழாய் ஒழுகுகிறது, சற்றுப் பார்க்க முடியுமா என்று அழைத்துப்போனார். மோப்பம் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, பிரச்சினை இல்லை என்று கூறித் திரும்பினார். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஒயின் கோப்பைகள் வந்தன. சர்க்கரை வியாதி என்று சொல்லித் தப்பினேன். பிறகு சம்பந்தியம்மாள் ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கருத்து மினுங்கும் கேக். என் கை நீண்டது. அதற்குள் மோப்பம் தட்டை இழுத்து, குனிந்து, நெடுநேரம் முகர்ந்தார்.

“ஏன், கெட்டுப்போயிருக்கா?” என்றார் சம்பந்தியம்மாள்.

மோப்பம் என்னைப் பார்த்தார். நான் மேசை விரிப்பைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்று, அன்றைக்கு முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

“இல்லீங்கம்மா. நான் மொடாக் குடிகாரன். இதுல ரம் வாசனை அடிக்குது, பாத்தா எனக்குக் கை நடுங்கும். சார்தான் என்னக் காபந்து பண்ணிக் கூட்டினு வந்தாரு. தட்ட எடுத்துடுங்க, சாரும் எனக்கோசரம் துன்னாம இருப்பாரு.”

மாப்பிள்ளையின் சித்தப்பா என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். ஒரு குடிகாரனைத் திருத்தும் பெரிய மனிதன் என்று என்னை மதித்த தலையசைப்பு அது. அதை வாங்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அலங்கார வளைவோடு விழுந்த அன்றுகூட அவ்வளவு கீழே நான் விழவில்லை. எதிரே கிரேஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவர் சொல்வது பொய். குடிகாரன் நான்தான். அவர் எனக்குக் காவலாக வந்தவர். குழாய் வேலையும் அவருக்குத் தெரியாது” என்றேன்.

சம்பந்தியம்மாள் பதறவில்லை. தட்டை மறுபடியும் என் பக்கம் தள்ளினார்.

“தெரியும் அண்ணே. கல்யாணத்துல பாத்தோமே. எந்தச் சர்க்கரைக்காரர் மைக்கக் கட்டிப்புடிச்சிக்கிட்டு விழுவாரு? உங்களுக்குன்னுதான் இத ஆரஞ்சு ஜூஸ்ல ஊற வெச்சேன். ஒரு சொட்டு ரம் கிடையாது. ரம் போட்டது அதோ, அந்த மூலையில இருக்கு.”

மகள் சிரித்தாள். கண் துடைத்துக்கொண்டே சிரித்தாள். விடைபெறும்போது, ஈஸ்டருக்கும் வாருங்கள், இரண்டு பேருமாக வாருங்கள் என்றாள்.

ஆனால் ஆட்டோவில் மோப்பம் தெருவையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆரஞ்சுப் பழத்தை ரம் என்று தீர்ப்பளித்த மூக்கைப் பற்றி நானே கேட்டேன்.

“கொரோனாலயே பூட்ச்சு ப்ரதர். இப்போ எனக்குப் பெட்ரோலும் ஒண்ணுதான், பன்னீரும் ஒண்ணுதான்.”

“அப்படியானால் தினமும் என்னை ஊதச் சொன்னது?”

“நீங்க ஊதுனீங்க இல்ல.”

செத்துப்போன ஒரு மூக்குக்கு அஞ்சி இத்தனை காலம் நான் குடிக்காமல் இருந்திருக்கிறேன். சிரிப்பதா சினப்பதா என்று தெரியாமல் வீடு சேர்ந்தேன்.

மறுநாள் காலை அவர் வரவில்லை. மாடிக்காரர் மட்டும் வந்து, காற்றில் ஊதிவிட்டுக் காத்திருந்தார். நான் அல்சூர் ஏரிக்கருகே இருந்த மோப்பத்தின் அறையைத் தேடிப் போனேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கம் எப்படியிருக்கும் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“இனிமே நான் வந்து இன்னா பண்றது ப்ரதர்?” என்றார்.

கையைப் பிடித்துத் தெருமுனையில் இருந்த காபிக் கடைக்கு அழைத்துச் சென்றேன். பட்டப்பகலில், தெரு முழுவதும் பார்க்க, ஒரே நடைபாதையில் நடந்தோம். இரண்டு காபி வந்தது. அவர் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் இறக்கினார். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில், வாசனை எப்படியிருக்கிறது என்று கேட்டார்.

வாழ்நாளெல்லாம் நான் சேர்த்துவைத்த நல்ல சொற்கள் அனைத்தையும் எடுத்து, அந்தக் காபியின் மணத்தை அவருக்குச் சொல்லத் தொடங்கினேன். காபி ஆறிப்போகும் வரை சொன்னேன்.