மேவ் மீட்ட படலம்

வாழ்க சிறிதரன்! தென்கிழக்கு மெல்பேர்ணின் திலகமாம் நோபல் பார்க்கில், இரு கார் நிற்கும் கராஜும் ஒற்றை எலுமிச்சை நின்ற பின்வளவும் கொண்ட செங்கல் மாளிகையின் தலைவன். டண்டினோங் பெட்டித் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு என்னும் செங்கோல் ஓச்சுவோன். சனிக்கிழமை தோறும் புல்வெட்டும் இயந்திரத்தைப் பின்னின்று உருட்டும் பெருந்தேர்ப்பாகன். விருந்துச் சட்டியில் ஈரல் துண்டு எங்கொளித்தாலும் கரண்டியின் முதல் வீச்சிலேயே சிறைபிடிக்கும் இணையிலா வீரன் வாழ்க! ஆனைமுகத்தோனே, அவன் கதை சொல்லப் புகுந்த என் கையில் எழுத்துப்பிழை நேராமல் காப்பாயாக. ஏனெனில் இது எழுத்துக்கூட்டலுக்காகவே நடந்த போர்.

அவ்வீரன் நெஞ்சில் ஆறாத புண் ஒன்று இருந்தது. திருமகளை மார்பில் தரித்தவன் என்று பொருள் கண்டு, நாளும் கோளும் பார்த்துப் பெற்றோர் சூட்டிய பெயர், அவன் இந்நாட்டில் கால் வைத்த நாள் முதல் கை வேறு கால் வேறாக வெட்டுண்டு கிடந்தது. ஷெரிடன் என்றனர் சிலர். சித்தார் என்றனர் சிலர். சம்பளப் பகுதி நங்கையோ தலையைக் கொய்து 'டரன்' என்று முண்டத்தை மட்டும் அழைத்தாள். கைபேசிக்குள் சிரி என்றொரு குரலணங்கு குடியேறிய பின்னர், "ஹேய் சிரி, இன்றைக்கு மழை வருமா?" என்று அவனைக் கேட்டுச் சிரிக்காத தொழிலாளி அங்கு ஒருவனும் இல்லை. காப்பிக் கடையில் பெயர் கேட்டால், போரிடாமலே வாளைக் கீழே வைத்து, "ஸ்டீவ்" என்பான். ஸ்டீவ் என்று எழுதிய அந்தக் குவளையிலிருந்து எத்தனை மிடறு அவமானம் குடித்தான் என்பதை அவன் தொண்டை மட்டுமே அறியும்.

ஆகவே, மனையாள் சிவாஜினி கருவுற்று, வயிற்றில் வளர்வது பெண் என்று மருத்துவர் சொன்ன அன்று, சிறிதரன் சாப்பாட்டு மேசையில் கையோங்கி அறைந்தான். சம்பல் கிண்ணம் அதிர, தண்ணீர்க் குவளை தளும்ப, சபதம் பிறந்தது:

"கேளும் சிவாஜினி! என்ரை பிள்ளையின்ரை பேரைச் சொல்ல எந்த வெள்ளைக்காரன்ரை நாக்கும் தடக்கக் கூடாது. வெண்ணெய் மாதிரி வழுக்க வேணும்!"

சிவாஜினி பள்ளிக் காலந்தொட்டு மனத்தில் ஒரு பெயரைப் பொத்தி வைத்திருந்தாள். அதை மெல்ல எடுத்து வைத்தாள். யாழினி.

"யாழினியோ? அந்த ழ-வை இவங்களிட்டைக் குடுத்தால் முழுசாத் திருப்பித் தருவாங்களே?"

அவள் பெயரை மறுபடி பொத்திக்கொண்டு குசினிக்குள் போனாள். வீரன் அதைக் கவனிக்கவில்லை. வேட்டைக்குப் புறப்படுவோர் வீட்டுக் கதவு சாத்தப்படும் ஓசையைக் கேட்பதில்லை.

பெயர் வேட்டைக்கெனவே இணையத்தில் பரந்து கிடக்கும் பெருங்காட்டில், உணவு இடைவேளை தோறும் அலைந்து, ஆலிவியாக்களை அகற்றி, ஷார்லட்டுகளைச் சாய்த்து, முள்ளும் விளம்பரமும் கிழிக்க முன்னேறிய அவன் கண்முன், அயர்லாந்துப் பெண்பெயர்கள் மேயும் பசும்புல் வெளியில், தனியொரு மானாக நின்றது அது. மேவ்! ஒரே அசை, ஒரே மூச்சு. பழைய அரசியர் தாங்கிய பெயர் என்றது பக்கம். நூறாண்டு செத்த பாம்பாய்த் தரையோடு கிடந்த அதன் செல்வாக்குக் கோடு, அண்மை ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவில் படமெடுத்து நிமிர்ந்து நிற்பதாகப் படமும் காட்டியது. பாம்பு படமெடுத்தால் விலகுவது உலக வழக்கு. சிறிதரனோ, 'வெள்ளையர் எல்லாரும் விரும்புகிறார்கள், தமிழரில் ஒருவரும் தொடவில்லை' என்று களித்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

பொருள் என்ன என்று சிவாஜினி கேட்டாள். பக்கம் ஒளிக்கவில்லை. மயக்குபவள், போதை ஏற்றுபவள்.

"வெறிக்குட்டி எண்டு பேர் வைக்கப் போறியளோ?"

"மேவுதல் எண்டால் சேருதல், விரும்புதல். அது தமிழப்பா, தமிழ்! ஐரிஷ்காரர் எங்களிட்டை எடுத்தது."

இவ்வாறு ஒரு மொழியாராய்ச்சி ஒரு வாய் தேநீரில் முடிவுற்றது.

இனி வெட்சித் திணை. மாற்றார் ஆநிரையைக் கவர்ந்து வருவது பண்டை மறவர்க்குப் போரின் தொடக்கம் என்பர். மேற்கே, பாலம் கடந்து, காரில் ஒருவர் பொறுமை முழுவதும் தீர்ந்தபின் வந்து சேரும் வெரிபீ என்னும் புதுமனைப் புலத்தில் வாழ்ந்தான் பிரதீப்குமார். கோயம்புத்தூர் ஈன்ற கணினிக் காளை. சிவாஜினியின் தங்கை தாரிணியின் கணவன். ஆகவே சிறிதரனுக்குச் சகலன். தாரிணியும் கருவுற்றிருந்தாள். அவளுக்கும் பெண்பிள்ளை. அவளுக்கு நாள் சற்று முந்தி.

அங்கு நடந்த ஒரு ஞாயிறு விருந்தில், ஆட்டிறைச்சிக் கறியின் மூன்றாம் சுற்றில், வயிறு நிறைந்தவர்க்கு வாய் கட்டுப்படாது என்ற விதிப்படி, சிறிதரன் தன் பெயரை, பொருளோடும் கோட்டுப் படத்தோடும், எதிரியின் இலையிலேயே பரிமாறினான். பிரதீப்குமார் எலும்பை உறிஞ்சிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"நல்லா இருக்கே சகலை. ஸ்பெல்லிங் என்ன?"

அந்தோ! வஞ்சகர் வாளால் கேட்பர் என்று எண்ணியிருந்தவன், எழுத்துக்கூட்டலால் கேட்டதை உணராமல், ஓரெழுத்து விடாமல் ஒப்பித்தான்.

பிறகு ஒரு காலை, குடும்ப வாட்ஸப் குழுவில், இளஞ்சிவப்புத் தொப்பியணிந்த சிசு ஒன்றின் படம் உதித்தது. அடியில் ஒரு வரி: மேவ் பிரதீப்குமார் வந்துவிட்டாள்.

சிறிதரன் பாண் என்னும் ரொட்டித் துண்டைக் கீழே வைத்தான். கண் சிவந்தது, மீசை துடித்தது, பூசிய ஜாம் முழங்கை வழியே குருதியென ஒழுகியது. நிரை மீட்பவர் சூடும் கரந்தைப் பூவைச் சூட மெல்பேர்ணில் கரந்தை இல்லையாதலால், கைபேசியைச் சூடினான்.

"அது நான் கண்டுபிடிச்ச பேர், தம்பி!"

"பேருக்குப் பட்டா போட்டு வச்சிருக்கீங்களா, சகலை? வெப்சைட் எல்லாருக்கும் பொதுதானே."

பட்டா என்ற அச்சொல், மார்பில் தைத்து முதுகில் வெளிவந்தது. அன்றே தூது முறிந்தது, உறவு முறிந்தது, வெரிபீக்குக் கொண்டுபோக வாங்கிய தொட்டில் பொதி பிரியாமலே கராஜில் சிறையிருந்தது. நாள்தோறும் தொலைபேசியில் சமையலும் கால்வீக்கமும் பேசிய அக்காளும் தங்கையும், கணவன்மார் கொடி பிடித்த குற்றத்துக்காக வாய் மூடினர். தங்கையின் பிள்ளையைப் படத்தில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள் சிவாஜினி. ஒருநாள் சொன்னாள்:

"விடுங்கோப்பா. எனக்குப் பிள்ளைநோ வந்தால் அவள்தான் பக்கத்திலை நிக்க வேணும். பேரை அவள் வைச்சிருக்கட்டும். நாங்கள் யாழினி எண்டு வைப்பம்."

இங்கே வீரன் ஒரு கணம் தளர்ந்தான் என்று எழுத ஆசைதான். தளரவில்லை. எரிமலையின் வாயில் ஈரத்துணி போட்டாற்போல அச்சொல் ஆவியாயிற்று.

தொழிற்சாலையில் அவனோடு பணிபுரிந்தான் டெக்லன் என்னும் அயர்லாந்து வீரன். தேநீர் அறையில் சிறிதரனின் துயர் கேட்ட அவன், தங்கள் நாட்டின் பழைய எழுத்துக்கூட்டல் வேறென்று சொல்லி, கை துடைக்கும் தாளொன்றில் கிறுக்கிக் காட்டினான். எம், ஈ, ஏ, டி, எச், பி, எச். எழுவர் கொண்ட பெரும்படை! நடுவில் நின்ற டியும் எச்சும் வாய் திறவா ஊமையர். கடையில் நின்ற பியும் எச்சும் கூடி 'வ்' என்னும் ஒற்றைக் குரல் கொடுப்பவர். ஓசை மட்டும் அதே மேவ். ஆகா! இதுவன்றோ தெய்வாஸ்திரம்! வெரிபீக்காரன் வைத்திருப்பது நகல், இதுவே மூலம்.

"வேண்டாம் நண்பா," என்றான் டெக்லன். "என் தங்கைக்கு இந்தப் பெயர்தான். ஆளான பிறகு அவள் முதலில் செய்த காரியம் அதை மாற்றியது."

அஸ்திரம் பெற்றவன் செவியில் அதன் சாபம் விழுவதில்லை.

மகள் பிறந்தாள். நோ எடுத்த வேளையில் கட்டளைக்கும் கொடிக்கும் காத்திராமல் தாரிணி தன் கைக்குழந்தையோடு ஊபர் பிடித்து வந்து அக்காளின் கையைப் பற்றிக்கொண்டாள். போர்க்களத்தின் நடுவே இரு பெண்கள் போரை மறந்தனர். அவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் அழுது களைத்திருந்த அவ்வேளையில், நடைபாதையில் நின்ற சிறிதரன் குடும்பக் குழுவில் முரசறைந்தான்: எழுவர் படையும் அணிவகுத்த பெயர், கீழே, 'இதுதான் ஒறிஜினல். மிச்சமெல்லாம் கொப்பி.'

பிரதீப்குமாரின் மறுமொழி உடனே வந்தது. 'வாழ்த்துகள் சகலை! மெத்ப்ஹ் ரொம்ப அழகான பேரு.'

அந்தக் கேலியை அவன் பொருட்படுத்தவில்லை. பதிவும் செய்து முடித்தான். தடுப்பூசி போடும் நாள் வந்தது. மருத்துவரின் காத்திருப்பு அறையில், மடியில் மகளோடு, வெற்றி வேந்தனாய், தன் சபதம் நிறைவேறும் அந்த ஓசைக்காகச் செவிமடுத்து வீற்றிருந்தான் சிறிதரன். வரவேற்பு மேசையில் நின்ற பொன்கூந்தல் மங்கை திரையை நோக்கினாள். "மேவ்!" என்றாள், வெண்ணெய் போல. அவன் எழுந்தான். அவனோடு இன்னும் இரு தந்தையரும் எழுந்தனர். "மேவ் ஓ'பிரையன்," என்றாள். ஒருவர் போக, இருவர் அமர்ந்தனர். "மேவ் நிக்கல்சன்." மற்றவரும் போனார், எஞ்சியவன் அவன் ஒருவனே. மங்கை மறுபடி திரையை நோக்கினாள். புருவம் நெரித்தாள். உதடு குவித்தாள், விரித்தாள், மலையேறுபவள் போல மூச்செடுத்தாள்.

"மெ... மெட்... மெடப்... மன்னிக்கவும், மெடாப்பா?"

அறை முழுதும் திரும்பிற்று. ஊமையர் இருவரும் வாய் திறந்துவிட்டனர். தன் பெயர் வெட்டுண்ட அதே களத்தில் தன் மகள் பெயரும் உறுப்பிழந்து துடிப்பதைக் கண்ட சிறிதரன், "மேவ்," என்றான். "அது மேவ்."

அவள் முகம் கருணையால் மலர்ந்தது.

"ஓ, எவ்வளவு அழகு! இந்தியப் பெயர்தானே?"

இடி விழுந்த மரமும் கிளையொன்று மிச்சம் வைத்திருக்கும். நம் வீரனிடம் அதுவும் இல்லை. டெக்லனின் தீவு, அரசியர், மூலம், நகல், பட்டா, பாலம், வெரிபீ, எல்லாம் அவன் கண்முன் சுழன்று சாய்ந்தன. சரணடைந்தவன் தலையசைப்பது போல, ஆம் என்று தலையசைத்தான்.

இப்போது வெரிபீயில் அந்தப் பிள்ளையைப் பாப்பா என்கிறார்கள், நோபல் பார்க்கில் இந்தப் பிள்ளையைப் பபா என்கிறார்கள்.