ஆறு வடையும் ஒரு பார்லிமென்ட் சீட்டும்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனாலும் ஒரு பிரிட்டிஷ் பார்லிமென்ட் தேர்தலை ஒற்றை ஆளாகக் கவிழ்த்திருக்கிறேன். (பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான்.)

கடல் தாண்டி ஃப்ரீமான்ட் ஊரில், என் மகள் வயிற்றுப் பேத்தி நிலாவின் பள்ளிக்கூடத்தில், விக்டோரியா ராணி காலத்துத் தேர்தல் ஒன்றை அப்படியே நடத்திக் காட்டினார்கள். நிலா ஒரு வேட்பாளர், ஒட்டு மீசையோடு. எதிர்த்து நின்றவன் ஈதன். ஓட்டுச் சீட்டு, பெட்டி எதுவும் கிடையாது. மேடையேறி, இன்னாருக்கு என் ஓட்டு என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அப்போது பெண்களுக்கு ஓட்டில்லையாம், அதனால் அப்பாக்களுக்கு மட்டும். (ஓட்டில்லை என்றால் வேலையும் இல்லையா என்ன?)

ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகிய பிள்ளை தோற்கலாமா? வாசலில் தூக்குவாளியோடு நின்றுகொண்டேன். வந்த அப்பாக்கள் கையிலெல்லாம் வடையை வைத்து, "நிலா, நிலா" என்று மேடையைக் காட்டினேன்.

பக்கத்து வீட்டு நாகர்கோவில்காரர் டேவிட் மேடையேறினார். ஓட்டு ஈதனுக்கு என்றார்!

எனக்கு வந்ததே கோபம். "ஏன் தம்பி, ஆறு வடை தின்னியே, அதுக்குள்ள செரிச்சிடுச்சா?"

"வடை சூப்பர் ஆன்ட்டி. ஆனா வடை வேற, ஓட்டு வேற!"

"அப்ப தின்னதைத் திருப்பிக் குடு!"

தமிழ்க் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. என்ன விஷயம் என்று டீச்சர் கேட்க, அந்த மனுஷன் ஒரு வரி விடாமல் இங்கிலீஷில் ஒப்பித்துவிட்டார்.

நிலா இரண்டு ஓட்டில் ஜெயித்தாள். கைதட்டி முடிப்பதற்குள் ஈதன் புகார் மனுவோடு எழுந்தான். டீச்சர் தீர்ப்புச் சொன்னார்: அந்தக் காலத்துச் சட்டப்படி, ஓட்டுக்காகத் தீனி போட்டால், வேட்பாளருக்கே தெரியாமல் அவருடைய ஏஜென்ட் போட்டிருந்தாலும், சீட்டு போச்சு. தேர்தல் செல்லாது!

நிலாவின் மீசை ஒரு பக்கம் தொங்கியது. கார் வரைக்கும் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

"ஜெயிச்சதைக் கெடுத்துட்டேனேடி கண்ணு" என்று நான் மூக்கை உறிஞ்சியதும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பாட்டி, டீச்சர் ரொம்ப ஹேப்பி! இதுதான் ரியல் எலெக்‌ஷனாம். ஐ காட் ஆன் 'ஏ' கிரேடு!"

இன்றைக்கும் மாப்பிள்ளை கையில் காபியைக் கொடுத்தால், "எந்தத் தொகுதிக்கு அத்தை?" என்று கேட்டுவிட்டுத்தான் குடிக்கிறார்.

நிலா, நான் எழுதின இந்தக் கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டடி. எழுத்துக் கூட்டி வாசித்தாலும் பரவாயில்லை. பாசத்தில் எங்கேயாவது சீட்டு போனதை விட்டுவிட்டு, நீ ஜெயித்ததோடு கதையை நிறுத்திவிட்டேனா, பார்த்துச் சொல்.