அணையாக் கணினி

உலகில் எத்தனையோ நிறுவனங்கள் கணினியைப் பயன்படுத்துகின்றன. கணினியைப் போற்றிப் பாதுகாக்கும் நிறுவனம் ஒன்றே ஒன்றுதான். அது திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், ஒரு டிபன் கடையின் மாடியில் இருக்கிறது. பெயர் ‘ஜோதிச்சுடர் இலவசக் கணினி மையம்’. அதன் துணைச் செயலாளர் என்ற முறையில் இதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

மையத்தின் ஒரே கணினி, தலைவர் அப்பாதுரை தம் அரிசி ஆலையிலிருந்து ஓய்வு கொடுத்து, ஏழை மாணவர்களுக்காக மனமுவந்து வழங்கியது. ஐந்து வருடங்களுக்கு முன், கார்த்திகை தீபத்தன்று, மலைமேல் தீபம் தெரிந்த அதே நொடியில் பொத்தானை அழுத்தித் துவக்கிவைத்தார். தீபத்தன்று ஏற்றியதை நாமாக அணைக்கலாமா? கூடாது என்று அன்றே தீர்மானம் நிறைவேற்றினோம். அன்றிலிருந்து அது அணைந்ததே இல்லை. மாணவர்கள் கை பட்டால் அணைந்துவிடக்கூடும் என்பதால் மாணவர்களை அனுமதிப்பதில்லை. மற்றபடி மையம் சிறப்பாக இயங்கி வந்தது.

இந்த நிலையில், வாசல் பலகையில் ‘அனைவருக்கும் இலவசம்’ என்று எழுதியிருந்ததை அப்படியே நம்பி ஒரு புதன்கிழமை ஒரு பெண் மாடியேறி வந்துவிட்டாள். பெயர் அன்புச்செல்வி. ஊர் கீழ்பென்னாத்தூர், வீட்டில் வேர்க்கடலை விவசாயம். இன்ஜினியரிங் முடித்தவள். சென்னைக் கம்பெனி ஒன்று அவளுக்கு வேலை தரத் தயாராக இருந்தது. அதற்கு முன் ஒரு தேர்வு. கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதுபோல் காட்டும் ஓர் ஏற்பாட்டில்தான் அந்தத் தேர்வு ஓடுமாம். வெள்ளிக்கிழமை மாலை கடைசி. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, பெருந்தன்மையோடு நாற்காலியைக் கொடுத்தோம்.

அவள் தேர்வைத் திறந்ததும், ‘இந்த வசதி முடக்கப்பட்டுள்ளது’ என்றது கணினி.

“மிஷின் பழசுதாங்க. ஆனா இதுலயும் அந்த வசதி இருக்குது. ஆஃப்ல கெடக்குது, அவ்ளோதான்” என்றாள். “ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணி, செட்டிங்ஸ்ல போய் ஆன் பண்ணிட்டா முடிஞ்சுது.”

“ரீஸ்டார்ட்டுன்னா?” என்றார் தலைவர்.

“ஆஃப் ஆயி திரும்ப ஆன் ஆவும்ங்க. ஒரு நிமிஷம்.”

“அப்ப நடுவுல அணையும்.”

“ஆமாங்க.”

“கைய எடும்மா.”

அன்று மாலையே அவசரக் கூட்டம். பெண்ணின் எதிர்காலம் ஆயிற்றே, சும்மா இருப்போமா? மேசையை மலையைப் பார்த்துத் திருப்பினோம். வசதி வரவில்லை. மௌஸை மாற்றினோம். தீர்மானம் மானிட்டருக்குப் பொருந்தாது என்ற சட்ட நுணுக்கத்தை நான் கண்டுபிடித்து, மானிட்டரை மட்டும் அணைத்து ஏற்றினோம். அப்போதும் வரவில்லை. அன்புச்செல்வி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உழைப்பைக் கண்டு பிரமித்துவிட்டாள் போலும்.

கடைசியில் கோயிலில் பூஜை செய்யும் மௌலியைப் போனில் பிடித்தோம்.

“கம்ப்யூட்டர அணைக்கறதுக்கு சாஸ்திரத்துல என்ன இருக்கு? ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்கோ. அந்தப் பொண்ணு பாவம்” என்றார் மௌலி.

தலைவர் போனை வைத்தார். “இந்தக் காலத்துப் பசங்களுக்கு பக்தி கம்மி” என்றார். சாஸ்திர விஷயத்தில் கோயிலைவிட அரிசி ஆலைக்கு ஞானம் ஜாஸ்தி என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு நாள் பார்த்தோம். வியாழன் பௌர்ணமி, தலைவருக்கு அடி அண்ணாமலையில் அன்னதானப் பந்தல். வெள்ளிக்கிழமை எந்த நல்ல வீட்டிலும் விளக்கை அணைக்க மாட்டார்கள். ஆகவே சனிக்கிழமை, ராகு காலம் கழிந்தபின் என்று ஒருமனதாக முடிவானது.

“வெள்ளிக்கெழம சாயங்காலமே லிங்க் மூடிடும்ங்க” என்றாள் அன்புச்செல்வி.

“அதுக்கப்புறம் நல்ல நேரம் நெறைய இருக்குதும்மா. அவசரப்படாத” என்றார் தலைவர்.

வெள்ளிக்கிழமை மாலை ஊர் முழுக்கக் கரண்ட் போனது. நாற்காலியில் இருந்தவள் சட்டென்று எழுந்து நின்றாள். அந்த முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கையை நான் அதுவரை பார்க்கவில்லை. ஆனால் எங்கள் யூபிஎஸ் கைவிடவில்லை. கீக் கீக் என்று கத்தியபடியே, கரண்ட் வரும்வரை கணினியைத் தாங்கிப் பிடித்தது. கீழே டிபன் கடையில் விளக்கு வந்தபோது லிங்க் மூடியிருந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லத் தலைவர் தயாராகவே இருந்தார்.

சனிக்கிழமை நாதஸ்வரம் வைத்தோம். பத்திரிகை நிருபர் வந்தார். தேங்காய் உடைத்தோம். எந்தக் கீயை அழுத்துவது என்பது எங்களில் யாருக்கும் தெரியாததால், சான்றிதழ்களைத் திரும்ப வாங்க வந்த அன்புச்செல்வியையே உட்கார வைத்தோம். கணினி அணைந்தது, எழுந்தது. அவள் இரண்டு மூன்று கீகளைத் தட்டினாள். வசதி வந்துவிட்டது. வேலை மட்டும் வேறு யாருக்கோ போய்விட்டது.

“இந்த வசதின்னா என்னம்மா?” என்று நிருபர் அவளைக் கேட்டார்.

“இல்லாத ஒண்ண இருக்கற மாதிரி காட்றதுங்க.”

“இத்தன நாளா இங்க அது இல்லியா?”

சான்றிதழ்களைப் பைக்குள் வைத்துக்கொண்டே அவள் பெயர்ப் பலகையைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

“மிஷின்லதாங்க இல்ல. மையத்துல அஞ்சு வருஷமா அதுதான் ஓடுது.”

முதலில் கைதட்டியவர் தலைவர்தான்.