தூணுக்குப் பின்னால் ஒரு பிளக் பாயிண்ட்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. முட்டிவலி தவிர இங்கே நலம். நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். அப்போதுதான் இதை முழுசாகப் படிக்கத் தெம்பு இருக்கும்.

என் வாசலுக்கு எதிரே நீங்கள் கட்டிய மண்டபத்தைப் பற்றித்தான் பேச்சு. இந்தக் குடியிருப்பில் இருக்கும் பல தேசத்து ஜனங்களும் முகம் பார்த்து மனம்விட்டுப் பேசத்தான் இந்த வட்டப் பெஞ்சு என்று திறப்பு விழாவில் முழங்கினீர்கள். ஒரு மாதம் ஈ, காக்கைகூட வரவில்லை. முன்பின் தெரியாதவர் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? பிறகு தூணுக்குப் பின்னால் பிளக் பாயிண்ட் இருப்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். உங்கள் வரைபடத்தில் எட்டு, எலக்ட்ரீஷியன் வைத்தது ஒன்று. பிடித்தது சனி. நர்ஸம்மா செருகிய சார்ஜரை பேக்கரிக்காரர் பிடுங்க, அவருடையதைத் தையல்காரம்மா பிடுங்க, ஆளுக்கொரு பாஷையில் சண்டை. முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் கை சும்மா இருக்குமா? விசிலும் நோட்டுமாக இறங்கி, ஆளுக்கு இருபது நிமிடம் என்று எழுதிவைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. இப்போது விடிந்தால் கதவைத் தட்டுகிறார்கள். விழாவில் நீங்கள் கூப்பிட்டதைக் கேட்டு எல்லோருக்கும் நான் மாமா. நேற்று தையல்காரம்மா, "மாமா, இவர் இருபத்திரண்டு நிமிஷம், கேளுங்க" என்று நம் பாஷையிலேயே புகார் சொல்கிறார். "பொய் மாமா, பொய்" என்கிறார் பேக்கரிக்காரர். வரிசையில் நிற்கும்போது என்னிடமே கற்றுக்கொண்டு என்னிடமே காட்டுகிறார்கள். மனுஷன் ஒரு பேப்பர் படிக்க முடிகிறதா?

உங்கள் மாமியார் போனபின் தனியாக இருக்கக்கூடாது என்று என்னை இங்கே கொண்டுவந்து வைத்தீர்கள். ஆறு மாதம் சுவரோடு பேசினேன். அது குறுக்கே பேசாது. பாக்கி ஏழு பாயிண்டையும் உடனே போட்டுக் கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள். இல்லையென்றால் பதினைந்தாம் தேதி ஊருக்குக் கிளம்புகிறேன், டிக்கெட் போட்டாயிற்று.

மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கானது வேலை முடிந்ததும் வரும்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள், போன வாரம் நான் போனில் கத்தியதற்கு நீங்கள் அனுப்பிய எலக்ட்ரீஷியன் ஏழு பாயிண்டோடு வந்து நின்றார். ஆளுக்கொரு மூலையில் செருகிக்கொண்டால் அப்புறம் யார் யாரிடம் பேசுவது? பேக்கரிக்காரர் ஏணியைப் பிடுங்கிக்கொண்டார், நர்ஸம்மா கருவிப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார், நான் விசில் ஊதினேன். நான்கு பாஷையில் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டோம். இனி அவரை அனுப்பாதீர்கள். டிக்கெட்டை ரத்து செய்துவிடுகிறேன். எனக்கு நாளை காலை ஆறு மணிக்கு டூட்டி.