சிவப்பு மோட்டார்சைக்கிள்காரன்

"ஆர் பிள்ளை, உந்தச் சிவப்பு மோட்டார்சைக்கிள்காரன்?"

யூஜினியின் வாசலில் நின்று கேட்டவர் இராஜரட்ணம். அதே வீட்டின் பின்வளவில், ஹெல்மெட்டும் ஜாக்கெட்டுமாகப் பலகை வேலியோடு ஒட்டிக்கொண்டு மூச்சை அடக்கி நின்றவள் அவருடைய மனைவி அருள்நாயகி.

வீடு இருக்கும் மல்வேர்னிலிருந்து வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் பேக்கரி வேலைக்குப் போக இரண்டு பஸ் பிடிக்கவேண்டும் என்பது, அவள் மோட்டார்சைக்கிள் வாங்கியதற்கு வெளியில் சொல்லக்கூடிய காரணம். உண்மை வேறு. பக்கத்து நகரான ஒஷாவாவில் ஒருவன் விற்க வைத்திருந்த பழைய 250 சிசி ஸ்போர்ட்ஸ் மோட்டார்சைக்கிளில் சும்மா ஏறி இருந்து பார்த்தாள். இறங்க மனம் வரவில்லை. நாற்பது வயதில் அப்படி ஓர் ஆசை வந்ததை வீட்டில் சொல்ல வாயும் வரவில்லை.

விற்றவனே ட்ரக்கில் கொண்டுவந்து, அவளோடு வேலை செய்யும் யூஜினியின் பின்வளவில் இறக்கிவிட்டுப் போனான். பழகுநர் லைசென்ஸ் கைக்கு வந்தது. காலையில் இராஜரட்ணம் வேலைக்குப் போனதும் அவள் இரண்டு வீடு தள்ளி யூஜினியிடம் போவாள். கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட்டை மாட்டினால் ஆணோ பெண்ணோ தெரியாது. இடப்பக்கம் திரும்ப மட்டும் அவளுக்கு இன்னும் பயம். இந்த நாட்டில் வாகனங்கள் வலப்பக்கமாக ஓடுவதால், இடப்பக்கம் திரும்ப எதிரே வரும் கார்களைக் குறுக்கறுக்கவேண்டும். அதனால் எங்கே போவதானாலும் வலப்பக்கமாகவே திரும்பித் திரும்பிச் சுற்றிப் போய்ச் சேருவாள்.

ஏப்ரல், மே எல்லாம் நன்றாகத்தான் போனது. ஜூனில் அவருக்குப் பின்னேர ஷிப்ற் வந்தது. காலையில் அவள் பஸ்ஸுக்கென்று வெளிக்கிட்டுப் போன பிறகு ஜன்னலோடு இருந்து தேத்தண்ணி குடிக்கத் தொடங்கினார்; யூஜினி வீட்டு ஒழுங்கையால் சிவப்பு மோட்டார்சைக்கிள் ஒன்று போவதைக் கண்டார்.

"ஆரெண்டு கேக்கிறன்?"

யூஜினி தடுமாறினாள். "அது... என்ரை தம்பி, அண்ணை."

"தம்பி மன்னாரிலையெல்லோ?"

"வந்திட்டான். இப்பதான் வந்தவன்."

"வந்த உடனை மோட்டார்சைக்கிளோ! கூப்பிடும், ஒரு கதை கதைக்கவேணும்."

"அவன் கூச்சக்காரன், அண்ணை. ஒருத்தரோடையும் கதைக்கமாட்டான்."

"என்னோடை கதைப்பான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாரும்."

அவர் போனதும் அருள்நாயகி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, அவர் வேறை ஏதோ நினைக்கிறார்," என்றாள் யூஜினி மெதுவாக. "தான் காலமை வேலைக்குப் போன நாளெல்லாம் ஆரோ ஒரு ஆம்பிளை இந்தப் பக்கம் வந்து போயிருக்கிறான் எண்டு..."

"ஐயோ, வாயை மூடும்!"

அன்று முதல் அருள்நாயகிக்கு நித்திரை இல்லை. தன்மேல் ஒரு துளி சந்தேகமும் விழக்கூடாது என்று, வீட்டுக்கு முன்னால் எந்த மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டாலும் சாபம் போடத் தொடங்கினாள்.

"உவங்களைப் பிடிச்சு உள்ளை போடவேணும்! காவாலியள்!"

இராஜரட்ணம் சோற்றுக் கோப்பையை விட்டு நிமிரவில்லை. "ஓம், ஓம்," என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

சனிக்கிழமை விஷயம் இன்னும் முற்றியது. உடுப்புத் தோய்க்கும் கூடைக்குள்ளிருந்து கறுப்புத் தோல் கையுறை ஒன்றை எடுத்துப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார்.

"இஞ்சரும், உது ஆற்றை?"

"யூஜினியின்ரை தம்பியின்ரை," என்று வாயில் வந்ததைச் சொன்னாள். "கழுவித் தரச்சொன்னவ."

"அவன்ரை கையுறை எங்கடை வீட்டுக்கை."

அவர் அதைத் தன் கையில் மாட்டினார். விரல்களை மடக்கிக் குத்துவிடுவதுபோல் முட்டியாகப் பிடித்தார். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கூடைக்குள் போட்டார். அருள்நாயகி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குத் தம்பி வரவில்லை. அவன் ஒஷாவாவுக்கே குடிபோய்விட்டான் என்று யூஜினி வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

"அப்ப நல்லது," என்றார் இராஜரட்ணம். "ஒஷாவாவிலை எவடம்? அட்ரஸைத் தாரும், நானும் றொனால்டும் போய்ப் பாக்கிறம்."

றொனால்ட் அவரோடு வேலை செய்பவன். வான் வைத்திருப்பவன். ஆறடி உயரம். அவனை எதற்குக் கூட்டிப் போகவேண்டும்? அருள்நாயகி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள்.

இனி அந்தச் சாமான் யூஜினி வீட்டில் நிற்கக்கூடாது. அடுத்த நாள் காலை, றொனால்டின் வானில் "ஒரு அலுவலா" அவர் வெளிக்கிட்டுப் போனதும், மோட்டார்சைக்கிளைப் பேக்கரிக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளிக்கலாம் என்று அவள் ஓடிப்போய் ஏறினாள்.

ஒழுங்கையால் வெளியே வந்தாள். மூலையில் றொனால்டின் வெள்ளை வான் நின்றது.

"அந்தா! அவன்தான், விடாதை!" என்று கத்தியது தாலிகட்டிய புருஷனின் குரல்.

அருள்நாயகி முறுக்கினாள். நெய்ல்சன் றோட்டில் ஏறி வலப்பக்கம் திரும்பினாள். வானும் திரும்பியது. மறுபடி வலம். அடுத்த சந்தியில் இடப்பக்கம் வெட்டினால் தப்பலாம்; எதிரே பஸ் வந்தது, மறுபடியும் வலம். பின்னால் பார்த்தாள், வானைக் காணவில்லை. அப்பாடா என்று இன்னொரு முறை வலப்பக்கம் திரும்பினாள். வெளிக்கிட்ட அதே மூலைக்கே வந்திருந்தாள். வான் அங்கே அவளுக்காகக் காத்து நின்றது.

பதறிப்போய்ப் பக்கத்திலிருந்த கோப்பிக்கடை வளவுக்குள் விட்டாள். ஸ்ராண்டைத் தட்டி நிறுத்திவிட்டுக் கடைக்குள் ஓடலாம் என்று பார்த்தால், கண்ணாடிக்கு உள்ளே தெரிந்ததெல்லாம் தெரிந்த சனம். திரும்ப ஏறினாள். கியரைப் போட்டாள். என்ஜின் நின்றது. மறுபடி ஸ்ரார்ட், மறுபடி கியர், மறுபடி நின்றது. ஸ்ராண்டை மடக்காமல் கியர் போட்டால் அந்த என்ஜின் ஓடாது என்று விற்றவன் சொன்னது, அந்தப் பதற்றத்தில் எங்கே ஞாபகம் வரப்போகிறது?

வான் குறுக்கே வந்து நின்றது.

முதலில் றொனால்ட் இறங்கினான். பின்னால் இராஜரட்ணம். முகமெல்லாம் வியர்வை. கைகள் இரண்டும் முட்டியாக இறுகியிருந்தன. பதினைந்து வருடக் குடும்பத்தில் அவர் இப்படி நின்று அவள் கண்டதில்லை.

முடிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினால் மானம் போகும், கழற்றாவிட்டால் அடி விழும். கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

இராஜரட்ணம் கிட்ட வந்தார். றொனால்டை முழங்கையால் இடித்து, "நீ சொல்லு," என்றார்.

றொனால்ட் தொண்டையைச் செருமினான்.

"தம்பி, பயப்பிடாதையும். அண்ணையும் உதே மாதிரி நீலத்திலை ஒண்டு வாங்கி, ஓடத் தெரியாமல் என்ரை கராஜுக்கை விட்டிட்டு நிக்கிறார்; ஒருக்கால் பழக்கிவிடும், அண்ணையின்ரை மனிசிக்கு மட்டும் தெரியப்படாது."